செல்வாம்பாள் தலையில் மிச்சம் வைத்த பேன்

பேன் ஒழிப்பதில் புதுச்சேரியில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. பேன்களே ஒப்புக்கொண்ட விஷயம்.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம் இருக்கும். முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு. என் மனைவி செல்வாம்பாளுக்கு முழங்கால் வரை முடி. அவள் தலைமுழுகிவிட்டு வாசலில் நின்று உலர்த்தினால் தெருவில் வெயில் குறையும். அந்த முடியில் பேன் விழுந்துவிட்டது. சாதாரணப் பேன் இல்லை. அவள் எழுந்து போன பிறகும் தலையணை தானாக ஒரு சாண் நகர்ந்து படுத்துக்கொள்ளும்.

பக்கத்து வீட்டு வீராயி, "சீமெண்ணெய ஊத்துடி, அத்தினியும் செத்துப்பூடும்" என்றாள்.

"அடுப்பாண்ட போனா நானும் சேந்து சாவேன். உன் தலையில ஊத்திக்க" என்றாள் செல்வாம்பாள்.

இதற்குள் என் அம்மா அன்னக்கிளி அவசரப்பட்டுவிட்டாள். மருமகள் சொறிகிற சத்தத்தில் தூக்கம் கெட்ட கோபம். மஞ்சள் துணியில் காசு முடிந்து, "மயிலம் முருகா, இவ தலப்பேனு அத்தினியும் ஒழிஞ்சா, மொட்டையடிச்சு முடிய உனக்கே குடுத்துடறேன்" என்று வேண்டிக்கொண்டாள்.

செல்வாம்பாள் அழுதேவிட்டாள். "பேனு போனா முடியும் போவும். முடி வேணும்னா பேனு இருக்கணும். இன்னா வேண்டுதல் அத்த இது?"

"சாமியாண்ட சொன்னது சொன்னதுதான். திருப்பிக் குடுங்கன்னு கேக்க அவுரு இன்னா கத்திரிக்கா விக்கறாரா?"

சொல்லிவிட்டாளே தவிர, அம்மா முகமும் சுருங்கித்தான் போனது. ஆனால் முடிந்த காசை அவிழ்க்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

"பேனையும் முடியையும் எங்கிட்ட வுடு" என்றேன் செல்வாம்பாளிடம்.

சீத்தாப்பழக் கொட்டைகளைக் காயவைத்து இடித்துச் சலித்தேன். அந்தத் தூள் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதனால் அவள் கண்களைத் துணியால் இறுகக் கட்டினேன். தேங்காய் எண்ணெயில் தூளைக் குழைத்துப் பூசுவதற்கு முன்னால், ஒரே ஒரு பேனை எடுத்து, அவளிடமும் சொல்லிவிட்டு என் தலையில் விட்டுக்கொண்டேன். ஈர் வைத்துப் பெருகாமல் இருக்க ஆணாகப் பார்த்துத்தான் எடுத்தேன். எப்படித் தெரியும் என்பீர்கள். மீசை வைத்திருந்தது.

"அத மட்டும் இன்னாத்துக்குங்க காப்பாத்தறீங்க?"

"அத்தினியும் ஒழிஞ்சாதான மொட்ட? ஒண்ணு உசுரோட இருந்தா முருகன் கேக்க மாட்டாரு."

கட்டிய கண்ணோடே சிரித்தாள்.

பூசியதுதான் தாமதம். உச்சியிலிருந்து பேன்கள் பின்னங்கழுத்துக்கு ஓடின. கிழட்டுப் பேன்களை இளசுகள் முதுகில் தூக்கிக்கொண்டு முடி வழியே இறங்கின. ஒன்றும் தரை சேரவில்லை. சீயக்காய் போட்டு அலசி, பேன்சீப்பால் ஈரை வாரி எடுத்தேன். தலையணை உறையை வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்தேன். ஈர் பொரியும் என்று வாரம் கழித்து இன்னொரு தடவை பூசினேன். தலை சுத்தமானதும் மீசைக்காரனைப் பழைய இடத்தில் விட்டேன். அவனுக்கு அம்மாவாசை என்று பெயர் வைத்தாள் செல்வாம்பாள்.

வெள்ளிக்கிழமைதோறும் அம்மா மருமகள் தலையைப் பிரித்துப் பார்ப்பாள். "இன்னும் ஒண்ணு இருக்குது" என்பாள். காசு முடிச்சிலேயே இருக்கும். மாசங்கள் போயின. அம்மாவாசைக்கு மீசை நரைத்தது.

ஆடிக் கிருத்திகைக்கு மயிலம் போக அம்மா புடவை துவைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து வீராயி வந்தாள். வந்தவள் சும்மா இருக்காமல் செல்வாம்பாள் தலையைக் கிளறினாள்.

"மாட்டிக்கினான்! இவன் ஒருத்தன்தான் பாக்கி!" என்று அம்மாவாசையைக் கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்தாள். இன்னொரு நகம் இறங்க வேண்டியதுதான் மிச்சம். செல்வாம்பாள் இரண்டு கையாலும் முடியைப் பிடித்துக்கொண்டாள்.

ஈரக் கையோடு அம்மா பாய்ந்து வந்து வீராயி மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வுடுடி! எங்க வூட்டுப் பேன நசுக்க நீ யாருடி?"

"யக்கா, நல்லதுக்குத்தான..."

"உன் தலையில இருக்கறத நசுக்கு, போ!"

அம்மாவாசையைத் தன் நகத்துக்கு மாற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு தரையில் புரண்டு கிடந்த அத்தனை முடியையும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் மருமகளின் உச்சி வகிட்டைப் பிரித்து, பேனைப் பதமாக உள்ளே விட்டாள்.

"முருகனுக்கு இன்னா, மெதுவா குடுத்துக்கலாம்" என்றாள்.

அன்றிலிருந்து செல்வாம்பாளுக்கு அம்மாதான் பின்னல் போடுவாள். உச்சிப் பக்கம் மட்டும் சீப்பை வைக்காமல் விரலாலேயே கோதிவிடுவாள்.