மஞ்சள் ஸ்க்ரம்ப்ளரை விழுத்திப் பார்த்த கதை

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. போன நோன்புப் பெருநாளன்று என் தங்கை மகள் ஜுனைதாவின் கணவர், வயலிலும் காட்டுப்பாதையிலும் ஓடுகிற மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னார். எங்கள் காலத்தில் அந்த வகைக்கு ஸ்க்ரம்ப்ளர் என்று பெயர். முதன்முதல் வாங்குகிறவர் எதைப் பார்த்து வாங்குவது என்று விறாந்தையில் பெரிய பேச்சு. எஞ்சின் என்றார் ஒருவர். கம்பனிப் பெயர் என்றார் இன்னொருவர். தேத்தண்ணி கொண்டுபோன நான், "விழுத்திப் பாத்து வாங்குங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரித்தவர்களுக்காக எழுதுகிறேன். முதல் வரியை இரண்டு தடவை தொடங்கினேன்.

"அப்துல் ஸமட் என் கணவர், அவர்..."

"எண்பத்தோராம் ஆண்டு நான் புதுப்பெண்ணாக..."

இரண்டும் அங்கேயே நின்றுவிட்டன. 'நான்' என்று எழுதினால் பேனா நேரே அவர் இல்லாத நாளுக்கு ஓடிவிடுகிறது. ஆகையால் இந்தக் கதையில் என் பெயர் கமீலா. அவளுக்கு இருபது வயது. அவளுடைய புருஷன் உயிரோடு இருக்கிறார். இனி அவள் பாடு.

2

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஸமட், கல்முனைக்குடிக் கடற்கரையிலிருந்து வயல் ஊரான வரிப்பத்தான்சேனைக்கு, கமீலாவின் வீட்டுக்கு வந்தார். மீன் வியாபாரம் தெரிந்தவர், மணலில் எதையும் ஓட்டுவார். வயலில் இறங்கினால் மட்டும் கால் எங்கே வைப்பது என்று தெரியாது. ஊர் அவருக்கு 'கடக்கரை மாப்புள' என்று பெயர் வைத்து ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது.

கமீலாவின் வாப்பா ஆதம்பாவா, மருமகனுக்கு மோட்டார் சைக்கிள் எடுத்துக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். அவர் மனதில் இருந்தது பின்னால் பெட்டி பூட்டிய ரோட்டுச் சைக்கிள் (மோட்டார் சைக்கிளையும் நாங்கள் சைக்கிள் என்றே சொல்வோம்). அது மில்லுக்கும் கடைக்கும் போகும், அதாவது மாமா அனுப்புகிற இடத்துக்கெல்லாம் போகும். ஸமட் கேட்டது ஸ்க்ரம்ப்ளர்.

"வெட்டு ஓட்டத்துக்கா மனே?" என்று ஆதம்பாவா கேட்டார்.

"ஓம் மாமா."

பெரும்போக நெல் வெட்டு முடிந்ததும் அந்த ஊர் வட்டையில், அறுத்த வயல்வெளியில், வாய்க்கால் வரம்பெல்லாம் கடந்து சைக்கிள் ஓட்டம் வைப்பார்கள். ஒரே ஒரு சட்டம்: விழுந்தவன் தானே தூக்க வேண்டும். இன்னொருவர் கை பட்டால் ஓட்டம் முடிந்தது.

"சரி, எடு. ஆனா ஒருத்தர்ட கையும் படாமக் கோட்டுக்கு வரணும். வராட்டி அதத் திருப்பிக் குடுத்திட்டு ரோட்டுச் சைக்கிள்தான். மறுகா கதையில்ல."

(வாப்பா கெட்டவரல்ல. அவருக்கு மில்லுக்குப் போக ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.)

3

கல்முனையில் டெஸ்மன்ட் முதலாளியின் கடை முற்றத்தில் இரண்டு ஸ்க்ரம்ப்ளர்கள் நின்றன. சிவப்பு பெரியது, எஞ்சின் நூற்றி இருபத்தைந்து சீசீ. மஞ்சள் சின்னது, நூறு. அதே மாதிரிச் சிவப்பு ஒன்றைக் கமீலாவின் மச்சான் ஹமீட் போன மாதம்தான் எடுத்துப்போயிருந்தான்.

கமீலா, துணி எடுக்க என்று சொல்லி வாப்பாவோடும் ஸமட்டோடும் வந்தவள். வாடகைக் காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினாள்.

"காக்கா, மாப்பிள்ளைக்கு எடுக்கிறது ஊர் திரும்பிப் பாக்க வேணாமா? சிவப்பப் பாருங்க" என்று ஆதம்பாவாவிடம் சொன்னார் டெஸ்மன்ட்.

ஸமட் சிவப்பில் ஏறினார். பெருவிரல் நுனி மட்டும் நிலத்தில் பட்டது.

"பழகினாச் சரி" என்றார், முகத்தில் ஆசை வழிய.

"வாப்பா" என்று காருக்குள்ளிருந்து குரல் வந்தது. "விழுத்திப் பாக்கச் சொல்லுங்க."

"என்னகா?"

"உழவுக்கு எருமக் கடா வாங்கக்குள்ள சேத்துல இறக்கிப் படுக்க வெச்சுப் பாக்கிறீங்கதானே, எழும்புதா எண்டு? இதையும் பாக்கச் சொல்லுங்க."

"கடா தானா எழும்பும் புள்ள. இத ஆரு எழுப்புற?"

"அவருதான். வேற கைதான் படக்கூடாதே."

டெஸ்மன்ட் தலையில் கை வைத்தார். "புதுச் சைக்கிள் காக்கா! பெற்றோல் ஒழுகும்!" ஆனாலும் விற்க வந்தவர். சாக்கு நாலைந்தை விரித்து, தன் பிள்ளையைப் படுக்க வைப்பதுபோலச் சிவப்பைச் சரித்தார்.

ஸமட் குனிந்து தூக்கினார். சிவப்பு முழங்கால் மட்டம் வரை வந்தது, அங்கேயே நின்றது, பிறகு சாக்குக்கே திரும்பிப் போனது. (சாறன் அவிழப் பார்த்ததால் ஒரு கையை எடுத்தார். இதை எழுத அவர் விடமாட்டார். தடுக்க அவர் வரட்டும், இந்த வரியை அடித்துவிடுகிறேன்.)

அடுத்துச் சாக்கில் சரித்த மஞ்சளை ஒரே மூச்சில் நிமிர்த்தினார். ஏறி உட்கார்ந்தார். இரண்டு பாதமும் நிலத்தில் பதிந்தன. காரின் பக்கம் பார்த்து, "இதுதான் புள்ள" என்றார்.

4

இங்கே ஒரு சந்தேகம். கமீலா இவ்வளவு கெட்டிக்காரியா? புதுப்பெண் ஒருத்தி கடைமுற்றத்தில் இப்படிக் கதைத்திருப்பாளா என்று வாசிப்பவர் கேட்கலாம். எருமைக் கதையை வாப்பாவின் வாயில் போட்டு ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். அது இன்னும் நம்பக்கூடியதாகத்தான் இருந்தது.

கிழித்துவிட்டேன். சொன்னது நான். அடக்கமாக இருப்பதற்காகப் பொய் எழுத முடியாது.

5

ஓட்டத்தன்று காலை முற்றத்தில் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். ஸமட் ஈர்க்குச்சியால் பின்சக்கரத்தின் காற்றைத் திறந்து விட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான் செய்யிறீங்க?" என்றாள் கமீலா. புருஷனையும் எங்கள் பக்கத்தில் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"காத்துக் கூடினாப் புதையும் புள்ள. எங்கட ஊர்ல எல்லாருக்கும் தெரியும்."

கமீலாவுக்கு வயல் தெரியும், மணல் தெரியாது. நம்பினாள்.*

* மணலுக்கு அது சரியான வேலைதான். வெயிலில் காய்ந்த வரம்பு வேறு. காற்றுக் குறைந்த சக்கரம் அதில் மோதினால் உள்ளே ட்யூப் நசிந்து கிழியும். இதை நாங்கள் பிறகு படித்தோம்.

பெண்கள் உழவு மெசின், அதுதான் ட்ராக்டர், இழுக்கிற பெட்டிக்குள் நின்று பார்த்தார்கள். முதல் சுற்றில் ஹமீட் முன்னுக்குப் போனான். வாய்க்காலில் சிவப்பு வழுக்கி விழுந்தது. நல்ல ஓட்டக்காரன்தான், ஆனால் சேறு பிடித்துக்கொண்டது. இழுத்தான், இழுத்தான், கடைசியில் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான். மஞ்சள் அவனைக் கடந்து அக்கரை ஏறியது.

அடுத்த வரம்பில் படார் என்று மோதியது. பின்சக்கரம் தட்டையாகி, பாம்புபோல நெளிந்து, ஸமட்டும் சைக்கிளும் தண்ணி நின்ற பள்ளத்தில் கிடந்தார்கள்.

"கடக்கரை மாப்புள, வலயப் போட்டு இழுங்க!" என்று யாரோ கத்தினார்கள். வட்டையே சிரித்தது.

கமீலா சிரிக்கவில்லை. கடைமுற்றத்தில் சாக்கில் கிடந்த மஞ்சள்தான் அவள் கண்ணில் நின்றது. ஸமட் இடுப்பை இறக்கினார், கைபிடியைப் பிடித்தார், ஒரே மூச்சில் தூக்கினார். ஏறினார். அடுத்த வரம்பிலும் விழுந்தார். தூக்கினார். மற்றதிலும். மூன்றாம் தடவை தூக்கியபோது சிரிப்பு நின்றிருந்தது.

முதலாவதாக வந்தவரின் பெயர் எனக்கு நினைவில்லை. அது அவருடைய கதை. முடிவுக் கோட்டைத் தாண்டியவர்களில் கடைசி ஆள் அப்துல் ஸமட். மஞ்சள் எது, சேறு எது என்று தெரியவில்லை.

ஆதம்பாவா சுற்றி வந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"காத்துக்கு என்ன மனே செஞ்ச?"

"தொறந்து உட்டன் மாமா."

"மணலுக்கு உடுற மாதிரியா?"

"ஓம்."

வாப்பா தோள் துண்டு விழும்வரை சிரித்தார். பிறகு, "சரி, இதே நிக்கட்டும்" என்று சொல்லித் தள்ளிக் கொடுக்கக் கையை நீட்டினார்.

"கை வைக்காதீங்க மாமா" என்றார் ஸமட்.

வீடு வரை அவரே தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் வந்த கமீலா, உலகத்தில் யாருக்கும் இப்படி ஒரு மாப்பிள்ளை இல்லை என்று நிமிர்ந்து நடந்தாள்.

6

கதை இங்கே முடியலாம். அவர் முதலாவதாக வருகிற முடிவு ஒன்றும் எழுதினேன். அது அவருக்கு வெட்கமாக இருக்கும், ஆகையால் வேண்டாம்.

இன்னொரு முடிவும் இருக்கிறது. அதில் ஒரு வாக்கியம் மட்டும்தான்:

"எண்பத்தேழாம் ஆண்டு ஒரு காலை, அசர் தொழுகைக்கு முன்னால் வந்துவிடுவேன் என்று சொல்லி, கல்முனைக்குடியில் இருக்கும் தன் உம்மாவைப் பார்க்க அவர் அதே மஞ்சள் சைக்கிளில் ஏறி"

இதற்கு மேல் எனக்கு வரவில்லை. அந்த யுத்த காலத்து ரோட்டைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவரும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள்.

வாக்கியத்தை உங்களிடம் தருகிறேன். எப்படி வேண்டுமானாலும் முடியுங்கள். கடற்கரையால் ஓட்டுங்கள், அங்கே அவரை வெல்ல ஆளில்லை. வட்டையால் வந்தால் காற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். அசர் பிந்தினாலும் பரவாயில்லை.

ஒன்றே ஒன்று. வழியில் அவர் எங்கே விழுந்தாலும் ஓடிப்போய்க் கை கொடுக்காதீர்கள். கொஞ்சம் விலகி நில்லுங்கள்.

அவரே தூக்குவார்.