மேனேஜர் சாப்பிடாத நாட்கள்

நெருங்கி உட்காருங்கள், செல்லங்களே. இன்னும் கொஞ்சம். தள்ளி உட்கார்ந்தால் நான் குரலை உயர்த்த வேண்டியிருக்கும். இது குரலை உயர்த்திச் சொல்கிற கதை இல்லை. சாப்பிட மறுத்த ஓர் ஆமையையும், அதைத் தூக்கிக்கொண்டு டாக்டர் டாக்டராக அலைந்த ஒருத்தியையும் பற்றிச் சொல்லப்போகிறேன். கேட்டு முடித்ததும் அவளை ஏசத் தோன்றினால் ஏசிக்கொள்ளுங்கள். அவள் தன்னையே ஏசிக்கொண்டதில் பாதிகூட உங்களால் முடியாது.

வீட்டின் முன்னறையில் அவள் பார்லர் வைத்திருந்தாள். இரண்டு சுழல் நாற்காலி, சுவர் அளவுக்கு ஒரு கண்ணாடி, கால் ஊறவைக்க ஒரு நீல பிளாஸ்டிக் தொட்டி. முடி வெட்டுவாள், புருவம் திருத்துவாள். ஆனால் பேர் வாங்கியது நகத்தில்தான். சதைக்குள் வளைந்து இறங்கிய கால் நகத்தைக்கூட வலிக்காமல் எடுத்துவிடுவாள். "பத்தொன்பது வருஷத்துல ஒரு சொட்டு ரத்தம் பார்த்ததில்ல" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். சொல்லும்போது கழுத்து அரை அங்குலம் உயரும். அந்த அரை அங்குலத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு ஓர் அக்கா. டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தாள். தனியாக என்று சொல்வதும் தப்பு. இருபத்திரண்டு வருஷமாக அவளோடு ஓர் ஆமை இருந்தது. அதன் பெயர் மேனேஜர். காலையில் எழுந்து, அறை அறையாக மெதுவாகச் சுற்றிப் பார்த்து, எதிலும் திருப்தியில்லாத முகத்தோடு கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படி ஒரு மேனேஜரின் கீழ்தான் அக்கா முப்பது வருஷம் வேலை பார்த்தாள். வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

அக்காவுக்கு முட்டியில் ஆபரேஷன். அதற்கப்புறம் நடைப் பயிற்சிக்காக மூன்று வாரம் ஆஸ்பத்திரியிலேயே தங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மேனேஜரைக் கூடையோடு தங்கையிடம் ஒப்படைத்தாள்.

"இங்க பாருடி. காலையில கீரை, வாரத்துக்கு ரெண்டு செம்பருத்திப் பூ, தட்டுல தண்ணி, ரெண்டு மணி நேரம் வெயில். அவ்வளவுதான். வேற ஒண்ணும் பண்ணாத."

"வேற என்னக்கா பண்ணப் போறேன்?"

"உன்னைத் தெரியாதா? உனக்குக் கை சும்மா இருக்காது. என் பொம்மைக்கு மொட்டை போட்டவதானே நீ."

"அப்ப எனக்கு அஞ்சு வயசு!"

"கை அதேதான்" என்றாள் அக்கா.

இரண்டு நாள் ஒழுங்காகப் போனது. மூன்றாம் நாள் மத்தியானம் கடையில் ஆள் இல்லை. மேனேஜர் வெயிலில் கழுத்தை நீட்டிக்கொண்டு படுத்திருந்தது. அதன் அலகு நீண்டு, முனை கிளிமூக்கு மாதிரிக் கீழே வளைந்திருந்தது. நம் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அவளுக்குத் தெரிந்தது. பத்தொன்பது வருஷத் தொழில் கண்! "பாவம், அக்காவுக்குக் கண் மங்கிப்போச்சு, கவனிக்கல. நாம அழகு பண்ணி வச்சா ஆச்சரியப்படுவா" என்று நினைத்தாள்.

நகம் ராவுகிற மின்சார மெஷினை எடுத்தாள். மேனேஜர் மனுஷக் கைக்குப் பழகினது. கழுத்தைப் பிடித்ததும் சும்மா இருந்தது. ஓரத்தை ராவினாள். பளபளவென்று வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தது. நகவெட்டியை எடுத்து, டக்கென்று ஒரு வெட்டு.

ரத்தம் வந்தது.

மேனேஜர் கத்தவில்லை. ஆமைக்குக் கத்தத் தெரியாது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான். அவள் பஞ்சை வைத்துக்கொண்டு ஓட்டின் வாசலில் உட்கார்ந்து, "ராசா, வெளிய வாடா, என் தங்கம்" என்று கெஞ்சினாள். வரவில்லை. தரையில் விழுந்த இரண்டு சொட்டையும் யாரும் பார்ப்பதற்குள் துடைத்துவிட்டாள்.

மறுநாள் கீரை அப்படியே கிடந்தது. அதற்கு மறுநாளும். அன்று சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள்.

"மேனேஜர் சாப்பிட்டானா?"

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வேறொன்று வெளியே குதித்தது.

"இல்லக்கா... உன்னைத் தேடுறான்னு நினைக்கிறேன்."

அக்கா, "என்னையா?" என்றாள். குரல் தழுதழுத்திருந்தது. அக்கா அப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை.

ஒரே ஒரு பொய். அதற்குக் கால் முளைத்துவிட்டது. கடைக்கு வந்த டீச்சரம்மா கேட்டுவிட்டு, முகத்தில் பூசிய மாவு வழிய வழிய அழுதாள். "மனுஷங்ககிட்ட இல்லாத பாசம் பாரேன்!" ஆமையை வீட்டில் வைக்கலாமா என்று மூக்கைச் சுளித்தவர்கள்கூட எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். தங்கையின் கணவர் பஸ் ஓட்டுகிறவர். அவர் தன் பங்குக்குச் சொன்னார்: "நான் நாலு நாள் வெளியூர் டூட்டி போனா நீ ஒரு வாய் குறைச்சதுண்டா? இந்த ஆமையைப் பார்த்துக் கத்துக்கோ."

அவள் சிரிக்கவில்லை. கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துண்டுகளை மடித்தாள். ஏற்கெனவே மடித்து வைத்த துண்டுகள்தான்.

பட்டினியின் நாலாம் நாள் தெருமுனை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனாள். நாய், பூனை பார்க்கிறவர்.

"ஆமையா? எனக்கு நாய் தெரியும், பூனை தெரியும், அவசரம்னா கிளி. இதைப் படிச்ச ஞாபகம் இருக்கு, பார்த்த ஞாபகம் இல்ல. வாயைத் திறந்து பார்க்கணும். தலையே வெளிய வரமாட்டேங்குதே."

"வேணாம் டாக்டர், இழுக்காதீங்க. ஏக்கம்தான். அக்கா வந்தா சரியாயிடும்."

அவர் சத்துச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். வாயைப் பார்க்காமல் விட்டாரே என்று அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. எல்லாம் முடிந்த பிறகு அவள் அதிகம் வெட்கப்பட்டது அந்த நிம்மதியை நினைத்துத்தான்.

ஆறாம் நாள் மாட்டாஸ்பத்திரி. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட டாக்டர், ஒரு குதிரையின் குளம்பை இறக்கி வைத்துவிட்டு வந்து கூடைக்குள் பார்த்தார். கம்பவுண்டர் பின்னாலிருந்து, "சார், ஊசி போடணும்னா கதவைத் தட்டிக் கேட்டுட்டுத்தான் போடணும்போல" என்றார். டாக்டர் அவரை முறைத்தார். "தெரியாம குத்தினா பாவம், அம்மா. பறவை, பாம்பு, ஆமைன்னு பார்க்கிற ஒரு லேடி டாக்டர் இருக்காங்க. ரெண்டு பஸ் மாறணும்" என்று விலாசத்தைப் பழைய மாத்திரை அட்டையின் பின்னால் எழுதிக் கொடுத்தார்.

அட்டை இரண்டு நாள் அவள் கைப்பையில் கிடந்தது. ஆமையைப் பற்றித் தெரிந்தவரிடம் போனால் நடந்தது தெரிந்துவிடுமே!

எட்டாம் நாள் அக்கா போன் பண்ணினாள். "என் இஷ்டத்துல போறேன்னு திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன்."

"அக்கா! இன்னும் பாதி நாள்கூட ஆகல. இப்ப விட்டா முட்டி மடங்காதுன்னு சொன்னாங்களே!"

"மடங்கலன்னா போகட்டும். நான் கட்டையைப் பிடிச்சு நடந்துக்கறேன். என்னை நினைச்சுப் பட்டினி கிடக்கிறவனை விட்டுட்டு இங்க கிடந்து காலை ஆட்டிக்கிட்டு இருக்கவா?"

தங்கை சொன்ன ஒரு வரியால், ஒரு பக்கம் ஆமை போய்க்கொண்டிருந்தது, இன்னொரு பக்கம் அக்காவின் கால்.

ஒன்பதாம் நாள் கணவருக்கு விடுமுறை. கூடையை அவர் தூக்கிக்கொண்டார். அந்த டாக்டரின் கூடத்தில் ஒரு கிளி, இரண்டு முயல், மடியில் கட்டிய தலையணை உறையோடு ஓர் ஆள்.

"அதுல என்ன சார்?" என்றார் கணவர், பக்கத்தில் உட்கார்ந்தபடி.

"பாம்பு. சாது."

கணவர் எழுந்து, வெளியே காற்று நன்றாக வருகிறதா என்று பார்க்கப் போய்விட்டார். கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தார்.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் மேனேஜரை விட்டாள். கால் மணி நேரத்தில் தலை மெல்ல வெளியே வந்தது. ஒரு விரலால் தாடையைப் பிடித்து டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"இங்க அலகு உடைஞ்சிருக்கு. சதை வரைக்கும். சீழ் கட்டியிருக்கு. எப்படி ஆச்சு?"

"தானா... தானாத்தான் டாக்டர். கல்லு எதையாவது கடிச்சிருக்கும்."

"நிச்சயமா?"

"ஆமா."

டாக்டரின் முகம் மாறியது. "தானா உடையுதுன்னா உள்ள எலும்பெல்லாம் நொறுங்கிட்டு வருதுன்னு அர்த்தம். இல்லன்னா ஈரல் கெட்டுப்போயிருக்கும். ரத்தம் எடுத்துப் பார்த்தே ஆகணும். கழுத்துலதான் எடுக்கணும், அதுக்கு மயக்கம் கொடுக்கணும். ஒன்பது நாள் பட்டினி கிடந்த உடம்பு. எழுந்திருக்காமலும் போகலாம். சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க." காகிதத்தை நகர்த்தினாள்.

பேனாவைக் கையில் வாங்கினாள். மேனேஜர் தண்ணீரிலிருந்து அவளைப் பார்த்தது. கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. எதிலும் திருப்தியில்லாத அதே பழைய முகம். பேனா கைநழுவி உருண்டது.

"நான்தான் வெட்டினேன்."

"என்ன?" என்றார் கணவர்.

"நகவெட்டியால. அழகா இருக்கட்டும்னு. ரத்தம் வந்துச்சு. துடைச்சுட்டேன்." ஒவ்வொரு சொல்லும் சதைக்குள்ளிருந்து பிடுங்கிய நகம் மாதிரி வந்தது. "யாரையும் தேடல அது. வாய் வலி. வாய் வலியில சாப்பிடல."

கணவர் கூடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் ஏதாவது கிண்டல் செய்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

டாக்டர் காகிதத்தைக் கிழித்துப் போட்டாள். "அப்ப ரத்தம் வேணாம், மயக்கமும் வேணாம். சீழை எடுத்துட்டு வலிக்கு ஊசி போடுறேன். தினம் வெந்நீர்ல ஊறவைங்க. கீரையைக் கூழா அரைச்சு, சிரிஞ்சால நீங்களே கொடுங்க. அலகு வளர்ந்திடும்." கையுறையை மாட்டிக்கொண்டே, "வெட்டிட்டு வர்றவங்க நிறைய பேர். ஆனா யாருமே வாசல்லயே சொல்றதில்ல" என்றாள்.

அங்கிருந்து நேரே அக்காவிடம் போனாள். கணவரைக் கீழேயே நிற்கச் சொல்லிவிட்டாள். அக்கா இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நெற்றி வியர்க்க, நீளமான நடைபாதையில் நடந்துகொண்டிருந்தாள். தங்கை கம்பிக்கு இந்தப் பக்கம் கூடவே நடந்து, நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

அக்கா நின்றாள். திட்டுவாள் என்று தங்கை காத்திருந்தாள். திட்டினால் போதும் என்றிருந்தது.

"அப்ப, என்னைத் தேடலையா அவன்?"

அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"பக்கத்து பெட்காரியைப் பார்க்க மூணு பிள்ளைங்களும் வந்து உட்கார்ந்திருந்தாங்கடி. அன்னைக்குத்தான் நீ போன்ல சொன்ன. எனக்கும் ஒருத்தன் சாப்பிடாம இருக்கான்னு அவகிட்டப் பெருமையாச் சொன்னேன். அதைச் சொல்லிச் சொல்லித்தான் இந்தக் கம்பியோட நீளம் முழுக்க நடந்தேன்."

செல்லங்களே, பொய் சொன்னதற்குத்தான் வெட்கம் என்று அதுவரை நினைத்திருந்தாள். உண்மையைச் சொன்னதற்கும் வெட்கப்பட வேண்டிவரும் என்று யார் கண்டது? அக்கா திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோடிக்கு நடந்தாள். தங்கை அங்கேயே நின்றாள். திங்கட்கிழமைக் கையெழுத்தை மட்டும் அக்கா போடவில்லை.

அப்புறம் தினமும் காலையில், வாடிக்கையாளர்கள் வருமுன், அந்த நீலத் தொட்டியில் மேனேஜருக்கு வெந்நீர். கூழ், சிரிஞ்ச், மருந்து. தொட்டியில் யார் என்று டீச்சரம்மா கேட்டபோது, "நான் காயப்படுத்தினேன், நானே பார்க்கிறேன்" என்று சொன்னாள். பத்தொன்பது வருஷக் கணக்கைப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. பதினாறாம் நாள் ஒரு செம்பருத்தி இதழின் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு கடி. அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்று அழுதாள்.

மூன்று வாரப் பயிற்சி முடிந்து அக்கா கைத்தடியோடு வீடு திரும்பினாள். மேனேஜரைத் தரையில் விட்டார்கள். அது கழுத்தை நீட்டியது, நிதானமாக அக்காவின் காலைச் சுற்றிக்கொண்டு, அறைகளைச் சோதனை போடக் கிளம்பிவிட்டது.

"பாரு அவனை! லீவு லெட்டர் கொடுத்தியான்னுகூடக் கேக்கல" என்றாள் அக்கா. சிரித்தாள். முழுச் சிரிப்பு இல்லை.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, ஆபரேஷன் செய்த காலைத் தங்கையின் பக்கம் நீட்டினாள். "ஒரு மாசமா நகம் வெட்டல. குனிய முடியல."

"அக்கா... நானா?"

"வேற யாரு? பார்த்து வெட்டு."

தங்கை சதைக்கு வெகுதூரத்தில், பயந்து பயந்து வெட்டினாள். அக்கா குனிந்து பார்த்தாள்.

"ஏண்டி, இவ்வளவு நீளம் விட்டிருக்கியே, நான் மரம் ஏறவா?"

"இருக்கட்டும்கா" என்றாள் தங்கை. "அடுத்த வாரம் வந்து இன்னும் கொஞ்சம் எடுக்கறேன்."

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் யாரும் வாய் வலியோடு பேசாமல் கிடக்க வேண்டாம். சும்மா இருக்க வேண்டிய நேரத்தில் உங்கள் கைகள் சும்மா இருக்கட்டும். தவறிப்போய் வெட்டிவிட்டால், வாசலிலேயே சொல்லிவிடுகிற தைரியம் உங்களுக்கு இருக்கட்டும். சொன்ன பிறகும் காலை நீட்டுகிற ஒருத்தர் உங்கள் வீட்டில் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.