கட்டில் தூக்கிய கால்

ஐ.சி.யூ. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பெரியநாயகசாமியின் கால்கள் இரண்டும் போர்வையோடு மேலே எழும்பின. கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி அருள்மேரி, "ஏசப்பா!" என்றாள். அடுத்த நொடி போன் கையில் இருந்தது.

"அவரு காலத் தூக்கிட்டாரு!"

செய்தி சொந்தக்காரர்கள் வாய்வழியாகக் கீழ்வேளூர் போய்ச் சேர்ந்தபோது அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். சீர்காழியில் காபி கேட்டார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மட்டும் வாயில் குழாயோடு, மெஷின் ஊதிய மூச்சில், அப்படியே கிடந்தார்.

அவஸ்தைப்பூசுதலுக்கு எண்ணெயோடு பாதி வழி வந்துவிட்ட பங்குச் சாமியாரையும், மகன் ரெமிஜியஸ் தடுப்பதற்குள், அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். "சாவப்போறவங்களுக்குத்தானே ஃபாதர் அது? நீங்க வீட்டுக்குப் போங்க."

டாக்டர் குந்தவை ரெமிஜியஸை உள்ளே கூப்பிட்டாள்.

"காலத் தூக்கினா கால் ரத்தம் இதயத்துக்கு ஓடும். இதயம் அத வாங்கி நல்லா தள்ளுதான்னு நெஞ்சு மேல ஸ்கேன் வச்சுப் பாத்தோம். தள்ளுனா ட்ரிப்ஸ் கூட்டலாம், பிரஷர் ஏறும். ஊசி குத்தாமலே தெரிஞ்சுக்கலாம்."

"தள்ளுச்சா?"

"இல்லீங்க. இனிமே தண்ணி ஏத்துனா நுரையீரல்லதான் தேங்கும். மருந்தும் கேக்கல. சாயங்காலம் வரைக்கும் தாங்குறது கஷ்டம்."

வெளியே வந்தவன் லிஃப்ட் வரை நடந்தான், திரும்பினான். டீ வாங்கினான், குடிக்காமல் கொட்டினான். மறுபடி லிஃப்ட். அம்மாவிடம் சொல்லாமல் சாமியாரை வரவழைக்க முடியாது. சொல்லாவிட்டால் அப்பா பூசுதல் இல்லாமலே போய்விடுவார். சாமியாரைத் திருப்பி அனுப்பியதற்காக அம்மா ஆயுசு முழுக்கத் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருப்பாள்.

"அம்மா, தூக்கினது கட்டிலும்மா. பட்டன அமுக்கி டாக்டர்தான் தூக்கினாங்க."

"ஏன், அவங்களுக்கு வேற வேல இல்லயா?"

"ரத்தத்த இதயம் வாங்குதான்னு பாக்கத்தான்."

"வாங்குச்சா?"

அவன் இல்லையென்று தலையசைத்தான். அம்மாவின் கையிலிருந்த போனில் மன்னார்குடிச் சித்தியின் அழைப்பு அடித்து அடித்து ஓய்ந்தது.

"சாமியாரு இந்நேரம் எங்க போயிருப்பாரு?" என்றாள் அம்மா, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டே.

சாமியார் வந்தார். அருள்மேரியையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நெற்றியில் பூசினார். உள்ளங்கையில் பூசுவதற்காக நர்ஸ் விரலில் மாட்டியிருந்த கிளிப்பைக் கழற்றினாள். மெஷின் கத்தியது. திரும்ப மாட்டினால், எண்ணெயில் வழுக்கிக்கொண்டு வந்தது.

"அந்த விரல மட்டும் கொஞ்சம் தொடச்சு விடுங்கம்மா" என்றாள் நர்ஸ்.

அருள்மேரி முந்தானையின் நுனியைப் பிடித்தாள். பிறகு அதை விட்டுவிட்டு, அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து மூடிக்கொண்டாள்.