பாகற்காய் ஆவி

சிகரெட்டை விடுகிறவர்கள் சுவைத்துறைக்குப் போய் இ-சிகரெட்டுக்கு ஒரு சுவையை வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்கு இன்று மாலை ஐந்து மணி கெடு. அதற்குள் விடாவிட்டால் மார்பைப் பூட்டிவிடுவார்கள். பூட்டு ஏற்கெனவே சட்டையில் தொங்கியது. இன்னும் அழுத்தவில்லை, அவ்வளவுதான்.

நான் ஒவ்வொரு முறை இருமும்போதும் சுவைத்துறை வராந்தாவில் இரண்டு கதவுகள் கூடின. இருமலை விழுங்கிக்கொண்டே நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது மணி நாலே முக்கால்.

எழுத்தர் எபனேசரின் நாக்கு வாயில் இல்லை. விரல் நனைக்க ஈரப்பஞ்சு வைக்கும் கிண்ணத்தில் இருந்தது. அதைத் தொட்டுத்தான் தாளைப் புரட்டினார். பேச்சு மட்டும் சுத்தமாக வந்தது.

"என்ன சுவை?"

"புகையிலையே குடுங்க சார். பழகினது."

"அது ரிட்டன் டிக்கெட். போன சூட்டோட திரும்பி வருவீங்க."

"அப்ப டீ?"

பேனாவால் எனக்குப் பின்னால் காட்டினார். பெஞ்சில் பத்துப் பதினைந்து பேர். எல்லார் இடது கையிலும் டீ கிளாஸ். வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் விரிந்து காத்திருந்தன.

"டீ உள்ள போனா இன்னொரு கை சும்மா இருக்குமா?" என்றார் எபனேசர்.

நியாயம்தான். நானும் அப்படித்தான் பழகினேன்.

மாம்பழம் கேட்டேன். அவர் நீட்டிய இ-சிகரெட் குழலில் ஓர் இழுப்பு இழுத்தேன். பையிலிருந்த சிகரெட்டுகள் எழுந்து வரிசையாகப் படியிறங்கிப் போயின. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. சந்தோஷத்தில் அழுகை வந்தது.

கதவருகே யாரோ மோந்து பார்க்கும் சத்தம் கேட்டது. என் மகள் நறுமுகை. ஒன்பது வயது. பள்ளிச் சீருடையில் நின்றாள்.

"அப்பா, மாம்பழ வாசம் வந்துச்சு. எனக்கு?"

எபனேசர் படிவத்தை என் பக்கம் திருப்பினார். போகிறவர் பெயருக்குக் கீழே, வருகிறவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது.

"ஒருத்தர் போனா ஒருத்தர் வரணும். பழக்கத்துக்கு இருக்கிறது ஒரே கதவு."

"அவ கொழந்தை சார்."

"வாசம் வயசு பாக்குமா?"

குழலைத் திருப்பிக் கொடுத்தேன். உடனே நறுமுகை அங்கே இல்லை. சிகரெட்டுகள் மூச்சிரைக்க மேலேறி வந்து பைக்குள் படுத்துக்கொண்டன. மணி நாலு ஐம்பத்தைந்து.

"உங்க பொண்ணு தொடாதது எது?"

"பாகற்காய். தட்டுல வச்சாலே எந்திரிச்சுப் போயிடுவா."

அந்தச் சுவையும் இருந்தது. தொண்டையை அறுத்தது. சிகரெட்டுகள் வேண்டாவெறுப்பாக எழுந்தன. வாசல்வரை போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தன. கண்ணில் நீர் கொட்டக் கொட்ட இழுத்தேன். ஒவ்வொன்றாக இறங்கின. யாரும் மோந்து பார்க்கவில்லை. அப்பாடா என்றிருந்தது.

பக்கத்து நாற்காலியில் நறுமுகை உட்கார்ந்திருந்தாள்.

"நீ எங்கம்மா வந்தே? இது பாகற்காய்."

"தெரியும். உவ்வே."

"அப்புறம் என்ன?"

"நீங்க இழுக்கிறீங்கல்லப்பா."

எபனேசர் நாக்கைத் தொட்டுக்கொண்டு அவள் பெயரைக் கேட்டார். வகுப்பில் சொல்வதுபோல் எழுந்து நின்று சொன்னாள். அவர் எழுதத் தொடங்கினார். ஐந்து மணிக்கு ஒரு நிமிடம் இருந்தது.

குழலை மேசையின் மறுகோடிக்குத் தள்ளினேன். என் வாயிலிருந்து இனி புகையும் வரக்கூடாது, ஆவியும் வரக்கூடாது. மூச்சை அடக்கிக்கொண்டேன்.

நறுமுகை என்னையே பார்த்தாள். பிறகு கன்னத்தை உப்பிக்கொண்டு அவளும் மூச்சை அடக்கினாள்.