தலை தவிர

சட்டைக் கம்பெனிப் பதிவேட்டில் மாலை ஐந்து மணிக்கு வெளியேறியதாக எழுதியிருந்ததாலும், வெளியேறுவது கால்களின் வேலை என்பதாலும், பட்டன் தைப்பவளின் கால்கள் சரியாக ஐந்து மணிக்கு எழுந்து வீட்டுக்குப் போயின. இடுப்புக்கு மேலே இருந்தவள் எட்டு மணிவரை ஸ்டூலில் உட்கார்ந்து தைத்தாள். பக்கத்து ஸ்டூல்காரிகள் கால் நீட்ட இடம் கிடைத்ததே என்று மகிழ்ந்தார்கள். நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை வாங்கலாம் என்பது சட்டம். பதிவேடு எழுதும் டைம் ஆபீஸ்காரர் சட்டத்தை மதிக்கிறவர், அதனால் எட்டை ஐந்து என்று எழுதுவார். சோதிக்க வந்த ஆய்வாளர், வாசலைத் தாண்டிய கால்களை எண்ணி, இரண்டால் வகுத்து, கணக்கு சரி என்று கையெழுத்துப் போட்டார்.

நான்கு வருடம் இப்படியே ஓடியது. வீட்டில் மகளுக்கு மடி கிடைத்தது. தலை பின்னிவிடக் கை வந்து சேர்வதற்குள் அவள் தூங்கிப்போவாள். "எனக்கு ஒரு நாளாவது கை வேணும்மா" என்று அவள் கேட்ட காலையில்தான் பட்டன் தைப்பவள் டைம் ஆபீஸுக்குள் புகுந்தாள்.

"எட்டுன்னா எட்டுன்னு எழுதுய்யா."

"என்னையே சட்டத்த மீறச் சொல்றியா?"

"ஆமா, உன் மூஞ்சிக்குச் சட்டம் ஒண்ணுதான் கேடு."

"வாய் மட்டும் இல்லன்னா உன்னையெல்லாம் நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்."

"அப்ப வாயையே வெச்சுக்க" என்று பேனாவைப் பிடுங்கி, தன் பெயருக்கு நேரே, ஐந்து மணிக்குப் பக்கத்தில், 'தலை தவிர மற்றதெல்லாம்' என்று எழுதினாள்.

அன்று ஐந்து மணிக்குத் தலை மட்டும் ஸ்டூலில் தங்கி, எட்டு மணிவரை டைம் ஆபீஸ்காரரின் வம்சத்தை வரிசைப்படி ஏசியது. ஒரே வாரத்தில் முப்பத்திரண்டு பெண்களும் அதையே எழுதினார்கள். ஐந்துக்கு மேல் ஒரு பட்டன்கூட ஏறவில்லை. வசவு மட்டும்தான் உற்பத்தியானது. இருட்டிய பிறகு பெண்களை நிர்வாகமே வீட்டில் சேர்க்க வேண்டும் என்பதும் சட்டம் என்பதால், டைம் ஆபீஸ்காரர் தலைகளை அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, வேனில் ஏற்றி, தெருத் தெருவாகப் போனார். வழியெல்லாம் பின்னாலிருந்து அவருக்கு அர்ச்சனைதான்.

பட்டன் தைப்பவளின் வீட்டுக் கதவை மகள்தான் திறந்தாள். பெட்டிக்குள்ளிருந்து தலை அவளை ஏற இறங்கப் பார்த்தது.

"யாருடி உனக்கு இவ்ளோ கோணலா பின்னிவிட்டது?"

"நீதாம்மா."

ஐந்து மணிக்கே வீடு வந்திருந்த கைகள் பெட்டியை வாங்கிக்கொண்டன. டைம் ஆபீஸ்காரருக்கு இன்னும் பதினெட்டு வீடு பாக்கி இருந்தது.