நடு வராந்தாவில் ஒரு ஸ்டூல்

அன்றைக்கு மழை பெய்ததா, முதல்நாளே பெய்து ஓய்ந்திருந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. விசாரித்தபோது ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். சுப்புலட்சுமியின் சேலைக்கரை நனைந்திருந்தது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

எழுபத்தொன்றாம் வருஷம். பனியன் கம்பெனி முதலாளி லிங்கசாமி மண்ணரை ஊருக்கு அப்பால் கட்டிய பெண்கள் கல்லூரி. வராந்தாவின் ஒரு கோடியில் அவருடைய அறை, மறுகோடியில் ஆசிரியர்களின் அறை. நடுவில் ஒரு ஸ்டூல். அதில் பியூன் ஆறுச்சாமி. கம்பெனியில் ஆபீசுக்கும் தையல் செக்‌ஷனுக்கும் நடுவே சேதி கொண்டுபோனவனையே லிங்கசாமி இங்கும் கூட்டி வந்திருந்தார். வேலைக்கு வந்தவர்களிடம், அதிலும் பெண்களிடம், அவர் நேரில் பேசுவதில்லை. ஆண்டுவிழா மேடையில் ஒரு கும்பிடு, அத்தோடு சரி.

கம்பெனியைப் போலவே கல்லூரியிலும் சங்கு ஊதியதும் கேட்டைச் சாத்திவிடுவார்கள். குன்னத்தூரிலிருந்து வரும் பஸ் சங்குக்குக் கட்டுப்பட்டதில்லை. கேட்டை மறுபடி திறக்கும்வரை தமிழ் நடத்தும் சுப்புலட்சுமி வெளியே நிற்பாள். “நேரங்கழிச்சு வர்றவளை ஊட்டோட இருக்கச் சொல்லுடா” என்பார் லிங்கசாமி. அந்த வராந்தாவை ஆறுச்சாமி மெதுவாகத்தான் கடப்பான். கடந்து முடிக்கும்போது வார்த்தை வேறாகியிருக்கும். “கொஞ்சம் முன்னால வரப் பாக்கச் சொன்னாருங்கம்மா.” அவள் கொதிப்பாள்: “நான் என்ன, கம்பெனியில பனியன் தைக்க வந்தவளா? அவர்கிட்டயே போய்க் கேளுங்க.” திரும்பி வந்து, “தமிழம்மா மன்னிச்சுக்கச் சொன்னாங்க, சாமி” என்பான். அவனுடைய மகள் மருதாள் சுப்புலட்சுமியின் வகுப்பில்தான் படித்தாள். அதற்காகத்தான் வார்த்தையை மாற்றினான் என்றுகூடச் சொல்ல முடியாது. தையல் செக்‌ஷனில் சூடான வார்த்தையை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்து, ஒருத்தன் கத்திரிக்கோலைத் தூக்கியதை அவன் பார்த்திருக்கிறான்.

இப்படியே மூன்று வருஷம். முதலாளி பொறுமைசாலி என்று அவளும், தமிழம்மா அடக்கமானவள் என்று அவரும் நம்பியிருந்தார்கள்.

அந்த ஆடியில் கோயமுத்தூரிலிருந்து புது பிரின்சிபால் மருதாசலம் வந்தார். நிர்வாகத்துக்கும் ஆசிரியர்களுக்கும் நடுவே ஆள் எதற்கு என்றார். இரண்டு அறைகளிலும் இன்டர்காம் வந்தது. கணக்கு நடத்தும் கந்தப்பன் அந்தக் கறுப்புப் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “ஆறுச்சாமி, உன்ற வேலைய இனி இது பாத்துக்குமப்பா. வெள்ளிக்கிழமையானா ஒரு சூடம் காட்டிரு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஆறுச்சாமி பெட்டியின் வயரை முதலாளி அறைவரை கண்ணால் தொடர்ந்தான். முதலாளியும் தமிழம்மாவும் ஒரு தடவை நேரடியாகப் பேசினால் போதும், அந்தம்மாவுக்கு வேலை இருக்காது.

மறுநாள் காலையில் பஸ் பிந்தியது. கேட்டில் நின்றுவிட்டு, நனைந்த கரையோடு அவள் உள்ளே வந்து உட்காரவும் பெட்டி கிர்ரென்றது. ஆறுச்சாமி ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டான். கந்தப்பன் எடுத்து, “உங்களுக்குத்தானுங்க” என்று நீட்டினார்.

லிங்கசாமிக்கு மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. பெட்டியே தேவையில்லை. வராந்தா முழுக்கக் கேட்டது.

“சங்கு ஊதறது காதுல உழுகறதில்லியா? நேரத்துக்கு வர முடியாதவ எதுக்கு வேலைக்கு வர்ற?”

ஆறுச்சாமி ஆசிரியர் அறையைப் பார்த்தான். அவள் ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கினாள்.

“ஏனுங்க, யார் பேசறது?”

கேலியில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. மூன்று வருஷமாகத் தன்னோடு பேசிவந்த முதலாளியின் குரல் அதில் இல்லை.

“யாரா? உனக்குச் சம்பளம் போடறவன்!”

“அப்படீங்களா. சங்கு ஊதி ஆடு மாடு மாதிரி பட்டியில அடைக்கறதுக்குப் பேரு காலேஜ் இல்லீங்க.”

இரண்டு பக்கமும் ரிசீவரை வைத்தார்கள். அப்புறம் இரண்டு கதவுகளிலிருந்தும் ஒரே நேரத்தில் குரல் வந்தது: “ஆறுச்சாமி!”

அவன் நடுவில் நின்றான். அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் அவள்.

“என்றா, இந்தம்மா மன்னிப்புக் கேட்டாங்கன்னு சொல்லிச் சொல்லி வந்தியே?” என்றார் அவர்.

ஆறுச்சாமியின் வாய் பழக்கத்தில் திறந்துகொண்டது. அவள் பக்கம் திரும்பி, “அம்மா, முதலாளி என்ன சொல்றாருன்னா...” என்றான்.

“நான் இங்கயேதாண்டா நிக்கறேன்!” என்றார் லிங்கசாமி.

சுப்புலட்சுமி அவனைப் பார்த்தாள். கோபம் மாதிரி இல்லை. இத்தனை நாள் யாரோடு பேசிக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் கண்டுகொண்ட மாதிரி இருந்தது.

“அவரு சொன்னது எனக்குக் கேட்டுதுங்க, ஆறுச்சாமி” என்றாள். உள்ளே போய்க் குடையை எடுத்துக்கொண்டாள்.

அன்றோடு வேலையை விட்டவள் குன்னத்தூரிலேயே பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றாள். ஆறுச்சாமியை முதலாளி கம்பெனிக்கே திருப்பி அனுப்பி, பனியன் மடிக்கிற இடத்தில் போட்டார். மருதாள் டிகிரி முடித்தாள். மருதாசலம் இரண்டு வருஷத்தில் கோயமுத்தூருக்கே போய்விட்டார். சங்கு மட்டும் லிங்கசாமி இருந்தவரை ஊதிக்கொண்டிருந்தது. ஸ்டூலை யாரும் அப்புறப்படுத்தவில்லை. பெட்டி கிர்ரென்னும்போதெல்லாம், எடுக்கப்போகிற கை ஒரு கணம் நிற்கும். அறையில் இருப்பவர்கள் வராந்தாப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள்.