மூன்றாம் இடத்தில் தாராவி

தாராவியில் தோல் பையும் பெல்ட்டும் விற்கும் கரீம் பாட்சாவுக்கு வியாபாரத்தில் ஒரு சட்டம் உண்டு. வாங்க வந்தவன் ஆசை ஆசையாய்ப் புரட்டுகிற பை அவனுக்கு வேண்டியதல்ல. கிளம்புகிற மாதிரி எழுந்து, போகிற போக்கில் "இது என்ன பாவ்?" என்று ஒன்றுக்கு விலை கேட்பான் பாருங்கள், அதுதான் வேண்டியது. விலையை அதில் ஏற்ற வேண்டும்.

இந்தச் சட்டத்தைப் போயும் போயும் அரசாங்கத்தின் மேல் பிரயோகித்தார். மாட்டிக்கொண்டவள் மகள் ஜுவைரியா.

ஆசிரியர் பயிற்சி முடித்து, தகுதித் தேர்வும் தேறி, அரசாங்கத்தின் ஆசிரியர் வேலை இணையதளத்தில் அவள் பெயர் பதிந்து ஐந்து வருஷமாயிற்று. தளத்தின் முகப்பில் ஒரு டீச்சர் சாக்பீஸும் கையுமாகச் சிரிப்பாள். வாருங்கள், நாளைய தலைமுறையை வார்த்தெடுங்கள் என்று மராத்தியில் அழைப்பு. வந்தவர்களை என்ன செய்வது என்று மட்டும் அதற்குத் தெரியாது. திறக்கும், மூடும், வழக்கில் மாட்டும், மறுபடி திறக்கும். முதல் வருஷம் ஜுவைரியா தினமும் பார்த்தாள். அடுத்த வருஷம் பார்த்துவிட்டு அழுதாள். அதற்கப்புறம், வேர் செத்த பல்லை நாக்கு தொட்டுப் பார்க்குமே, அப்படித் தொட்டுப் பார்ப்பாள். வலிக்காது.

இந்த முறை தளம் விருப்பப் பட்டியல் கேட்டது. காலியிடம் உள்ள பள்ளிகளை வேண்டிய வரிசையில் அடுக்கிப் பூட்டிவிட வேண்டும். பூட்டினால் பூட்டியதுதான். தாராவியில், அவர்கள் கடைக்கு இரண்டு சந்து தள்ளி இருந்த மாநகராட்சிப் பள்ளியில் ஓர் இடம் இருந்தது. ஜுவைரியா அதை முதலில் வைத்தாள். பின்னாலிருந்து எட்டிப் பார்த்த கரீம் பாட்சாவுக்குப் பதறிவிட்டது.

"ஏ புள்ள, என்ன காரியம் பண்ணுத? வேணுங்கிறத மொதல்லயே காட்டுனா அவன் கிராக்கி பண்ண மாட்டானா?"

"அவன்னு யாரு வாப்பா? கம்ப்யூட்டர்."

"கம்ப்யூட்டர ஆரு செஞ்சா? மனுசன்தானே. தூரத்து ஊர் ரெண்ட மேல போடு. தாராவிய மூணாவதா, சும்மா கெடக்குன்னு போடு. 'இந்தப் புள்ளைக்குப் பக்கத்து எடமே வேண்டாம் போல'ன்னு அவனே தூக்கித் தருவான். முப்பது வருச யாவாரம், சொல்லுதேம்லா?"

அது அப்படி இல்லை என்று ஜுவைரியாவுக்குத் தெரியும். விளக்கலாம். விளக்கினால் அவர் இன்னொரு விளக்கம் வைத்திருப்பார். எப்படியும் எதுவும் வரப்போவதில்லை; வராத வேலைக்கு எதற்கு வாய்வலி? குஜராத் எல்லையில் இருக்கும் நந்துர்பாரை முதலில் வைத்தாள். அதற்கடுத்து இன்னொரு தூரத்து ஊர். மூன்றாவது தாராவி. பூட்டினாள்.

வந்துவிட்டது. நந்துர்பார்.

கடையில் உட்கார்ந்து அந்தக் குறுஞ்செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது செம்பூரிலிருந்து சஃபீனா போன் பண்ணினாள். பயிற்சியில் கூடப் படித்தவள், இவளைவிட மார்க் குறைவு.

"ஏட்டி, எனக்குத் தாராவி கெடச்சிருச்சு! ஒங்க கடைக்குப் பின்னால! நீ போடலயா? போட்ருந்தா ஒனக்குல்ல வந்துருக்கும்!"

"போட்டேன். மூணாவதா."

"பாகல் ஹே க்யா? பைத்தியமாட்டி ஒனக்கு?"

"முபாரக் சஃபீனா" என்று வாழ்த்திவிட்டு ஜுவைரியா போனை வைத்தாள். நெஞ்சில் ஏதாவது வருகிறதா என்று காத்துப் பார்த்தாள். பசிக்கிற மாதிரி இருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கரீம் பாட்சா ஒரு பெல்ட்டைச் சுருட்டினார், பிரித்தார், சுருட்டினார்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. வேண்டாம்னு எந்திரிச்சு நட. பின்னாலயே கூப்புடுவான்."

"கூப்புடுததுக்கு அங்க ஆளே இல்ல வாப்பா. வேண்டாம்னா பேரு போயிரும். மறுபடி மொதல்லருந்து."

"இருந்துட்டுப் போவுது. கடையிலயே இரி. ஒனக்கு என்ன கொறச்சல்?"

"இங்கயும் அஞ்சு வருசம் ஒக்காந்தாச்சு."

கோபமாகச் சொல்லவில்லை, சரக்கு இருப்பைச் சொல்வது போலச் சொன்னாள். தளத்தில் 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்தினாள். உறுதிப்படுத்தும் எண் கரீம் பாட்சாவின் போனுக்கு வந்தது; பதிவில் இருந்தது கடை நம்பர்.

"நம்பர் சொல்லுங்க."

கண்ணாடியைத் தேடினார். அது நெற்றியிலேயே இருந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னார். ஜுவைரியா அடித்தாள். தவறான எண் என்றது தளம்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. உள்ளங்கையை மட்டும் நீட்டினாள். கொஞ்ச நேரம் அது வெறுமனே நீண்டிருந்தது. பிறகு அவர் போனை அதில் வைத்தார்.

சரியான எண்ணை அடித்து முடித்தாள்.

"அங்க குளிரு சாஸ்தியாம்" என்றாள். "கம்பளி ஒண்ணு வாங்கணும். தாதர் போயி வாங்கிக்கிடுதேன்."

"தனியாப் போவாத. ஏமாத்திருவான்" என்றார் கரீம் பாட்சா. "நானும் வாறேன்."

"சரி" என்றாள்.